காலித் தோட்டாவில் ஒளிந்திருக்கும் கணக்கு

உங்கள் அண்ணனோ மாமாவோ தேசிய சேவை முடித்தவர் என்றால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். சுடுதளத்தில் பயிற்சி முடிந்ததும் என்ன செய்யவேண்டும்? சுடாமல் மிஞ்சிய தோட்டாக்களோடு, சுட்டபின் தரையில் விழுந்த காலிப் பித்தளை உறைகளையும் ஒப்படைக்கவேண்டும். தம்மிடம் எதுவும் இல்லை என்று வாய்விட்டும் சொல்லவேண்டும். ஒரு காலி உறைகூட வெளியே போகக்கூடாது.

அமெரிக்காவின் சுடுதளங்களிலும் பலர் அதே காலி உறைகளைக் குனிந்து பொறுக்குகிறார்கள். ஆனால், அவர்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். சுத்தம் செய்து, மறுபடி மருந்து நிரப்பி, புதிய தோட்டாவாக்கிக் கொள்கிறார்கள். 1870களில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் கூடாரங்களில் உட்கார்ந்து செய்த வேலை அது. இன்று அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. சொந்தப் பயன்பாட்டுக்காக நிரப்புவோருக்கு அந்நாட்டு மத்திய அரசின் உரிமம் தேவையில்லை.

சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டமும், மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே இரு நாடுகளிலும் கடுமையான குற்றம். ஆகவே, நாம் செய்து பார்க்கக்கூடிய வேலை அன்று இது. ஆனால், அமெரிக்கச் சுடுநர்கள் தங்களுக்குள் ஓயாமல் விவாதிக்கும் ஒரு கேள்வி நமக்கும் பயன்படும். “கடையில் வாங்குவதைவிட நாமே நிரப்பிக்கொண்டால் உண்மையில் பணம் மிச்சமாகுமா?” உயர்நிலை இரண்டில் நீங்கள் படிக்கும் நேர்க்கோட்டுச் சமன்பாடே இதற்குப் பதில் சொல்லிவிடும். ஆனால், பதில் பலரும் எதிர்பார்ப்பது போல இருக்காது.

நான்கே பாகங்கள்

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. முன்னால் பறந்து செல்வது குண்டு. பெரும்பாலும் ஈயத்தின்மேல் செம்பு போர்த்தியது. குண்டைத் தள்ளும் வாயுவைத் தருவது புகையில்லா வெடிமருந்து. இதைப் பிரான்சின் பால் வியேல் 1884இல் உருவாக்கினார். அந்த மருந்தைப் பற்றவைப்பது பிரைமர். அடிப்பகுதியில் பொத்தான்போல் பதிந்திருக்கும் இச்சிறு கிண்ணத்தில், அடித்தால் தீப்பொறி கக்கும் வேதிப்பொருள் இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பது உறை.

சுட்டவுடன் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் தீர்ந்துவிடுகிறது. உறை மட்டும் அப்படியே மிஞ்சுகிறது. நான்கு பாகங்களில் செய்வதற்குச் செலவு அதிகம் பிடிப்பதும் பெரும்பாலும் இந்த உறைதான். மறுநிரப்பலின் பொருளாதாரம் முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது: விலை உயர்ந்த பாகம் வீணாகாமல் கையில் இருக்கிறது, மற்ற மூன்றை மட்டும் வாங்கினால் போதும்.

பித்தளை செய்யும் வேலை

உறைக்கு ஏன் பித்தளை? சுமார் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த இந்த உலோகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. துப்பாக்கி வெடிக்கும் கணத்தில் அது விரிந்து, குழாயின் பின்பகுதிச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிக் கசிவதில்லை. அழுத்தம் குறைந்ததும் உறை சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அதனால் எளிதாக வெளியே எடுக்க முடிகிறது.

ஆனால், அது பழைய அளவுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. மறுநிரப்புபவர் கைப்பிடியுள்ள ஓர் அழுத்துக் கருவியில் உறையை வைத்து, கடினமான எஃகு அச்சுக்குள் நெருக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். விரிவது, நெருக்கப்படுவது, மறுபடி விரிவது என ஒவ்வொரு சுற்றிலும் பித்தளை இறுகுகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் சிறிது நேரத்தில் விறைத்து ஒடிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். சில சுற்றுகளுக்குப் பிறகு உறையின் கழுத்தில் விரிசல் விழும். கழுத்தை அளவாகச் சூடுகாட்டிப் பதப்படுத்தினால் பித்தளை மறுபடி இளகி, உறையின் ஆயுள் நீளும்.

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததில் நம் பருவமழைக்கும் பங்குண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தபோது பல உறைகளில் விரிசல்! யாரும் அவற்றைச் சுடவே இல்லை. காரணம் 1921இல்தான் விளங்கியது. உறையை உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்து பித்தளையைப் பிளந்திருந்தன. முன்கூட்டியே சூடுகாட்டி அந்த இறுக்கத்தைப் போக்குவதே தீர்வாயிற்று.

நடுவில் ஒரு துளையா, ஓரத்தில் இரண்டா?

எல்லா உறையையும் மறுபடி நிரப்ப முடியாது. 1860களில் இரண்டு விதமான பிரைமர்கள் வந்தன. ஒன்றை அமைத்தவர் பிரிட்டனின் எட்வர்ட் பாக்ஸர். மற்றதை அமைத்தவர் அமெரிக்காவின் ஹைரம் பெர்டன். பாக்ஸர் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை. உள்ளே ஓர் ஊசியை விட்டுத் தள்ளினால் பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டன் முறையில் நடுவை விட்டு விலகிய இரண்டு சிறு துளைகள். ஊசி விட வழியில்லை. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கரின் கண்டுபிடிப்பை ஐரோப்பா அதிகம் பயன்படுத்தியது; ஆங்கிலேயரின் கண்டுபிடிப்பை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் மறுநிரப்பல் பரவ அந்த ஒற்றைத் துளை பெரிதும் உதவியது.

இன்னொரு வகை பாயிண்ட் 22. இதில் தனிப் பிரைமரே இல்லை. பற்றும் பொருள் உறையின் விளிம்புக்குள் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடுவதால் மறுபடி நிரப்புவது நடைமுறையில் ஆகாத காரியம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுகளில் நம் ஜாஸ்மின் செர் தங்கம் வென்ற 50 மீட்டர் ரைபிள் போட்டிக்குரியது இந்த வகைதான். 10 மீட்டர் போட்டியிலோ வெடிமருந்தே கிடையாது. அழுத்தப்பட்ட காற்றுதான் குண்டைத் தள்ளுகிறது. ஆக, நம் வட்டார வீரர்கள் அதிகம் பங்கெடுக்கும் இந்தப் போட்டிகளில் மறுநிரப்பல் என்ற கேள்வியே எழுவதில்லை.

ஆனால், அந்தக் காலி பாயிண்ட் 22 உறைக்கும் ஒருவர் பயன் கண்டுபிடித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில், 1943இல், கலிஃபோர்னியாவின் ஃபிரெட் ஹண்டிங்டன் அவற்றை அழுத்தி, வேறு குண்டுகளுக்கு மேலுறையாக்கும் கருவி ஒன்றைச் செய்தார். இன்று மறுநிரப்பல் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஆர்சிபிஎஸ் நிறுவனம் அப்படித்தான் பிறந்தது.

இப்போது கணக்கு

இனி வரும் விலைகள் கணக்கு எளிதாக இருக்க நாம் வைத்துக்கொண்டவை. உண்மை விலை கடைக்குக் கடை, ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

முதலாமவர் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியில் பயிற்சி செய்பவர். கடையில் ஒரு தோட்டா 25 சென்ட். தானே நிரப்பினால் குண்டு 9 சென்ட், பிரைமர் 7, மருந்து 3. ஆக மொத்தம் 19 சென்ட். உறை பொறுக்கி எடுத்தது, ஆகவே இலவசம். ஒரு தோட்டாவுக்கு 6 சென்ட் மிச்சம். நூறு தோட்டாவுக்கு 6 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது.

ஆனால், நிரப்புவதற்குக் கருவிகள் வேண்டும். அழுத்துக் கருவி, அச்சுகள், நுண்தராசு, அளவுமானி, உறை சுத்தம் செய்யும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டா செய்தாலும் ஆயிரம் செய்தாலும் இந்த 300 மாறாது. பொருளியலில் இதற்கு நிலையான செலவு என்று பெயர். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கூடிக்கொண்டே போகும் 19 சென்ட் மாறும் செலவு.

வரைபடத் தாளில் இரண்டு கோடுகள் வரையுங்கள். குறுக்கே தோட்டாக்களின் எண்ணிக்கை, நெடுக்கே மொத்தச் செலவு. கடையில் வாங்கும் கோடு சுழியத்தில் தொடங்கி, செங்குத்தாக ஏறுகிறது. தானே செய்யும் கோடு 300இல் தொடங்கினாலும் சாய்வு குறைவு. இரண்டும் எங்கோ ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அதுவே லாப நட்டமற்ற புள்ளி. அதைக் கண்டுபிடிப்பது எளிது:

நிலையான செலவு ÷ ஒன்றுக்கு மிச்சமாகும் தொகை = போட்ட பணத்தை மீட்கத் தேவையான எண்ணிக்கை

300 டாலர் ÷ 0.06 டாலர் = 5,000 தோட்டாக்கள். அந்தப் புள்ளியில் இருவரும் செலவிட்டது சரியாக 1,250 டாலர். மாதம் 200 தோட்டா சுடுபவருக்கு 25 மாதங்கள் ஆகும். மாதம் 50 மட்டும் சுடுபவர் எட்டு ஆண்டுகளுக்குமேல் காத்திருக்கவேண்டும்.

இரண்டாமவர் நெடுந்தொலைவு இலக்கைச் சுடும் போட்டியாளர். அவருடைய துல்லிய ரைபிள் தோட்டா கடையில் 1.50 டாலர். குண்டு 50 சென்ட், மருந்து 27, பிரைமர் 8, சில சுற்றுகளில் தேய்ந்துவிடும் உறைக்காக ஒரு பங்கு 5. மொத்தம் 90 சென்ட். மிச்சம் 60 சென்ட். அதே 300 டாலர் கருவி என்றால் 500 தோட்டாக்களிலேயே பணம் திரும்பிவிடும்.

கருவி ஒன்றே, வேலையும் ஒன்றே. ஆனால், ஒருவருக்கு 5,000, மற்றவருக்கு 500. பெருமளவில் உற்பத்தியாகும் மலிவான பொருளைத் தொழிற்சாலையோடு போட்டி போட்டுச் செய்வது கடினம். ஆலை பித்தளையை டன் கணக்கில் வாங்குகிறது; இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறது. குறைவாக விற்கும், விலை உயர்ந்த பொருளில்தான் கையால் செய்பவருக்கு இடமிருக்கிறது.

மூன்று சென்ட் செய்யும் மாயம்

முதலாமவரின் கணக்கில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கடைக்காரர் தள்ளுபடி அறிவித்து 25 சென்ட்டை 22 ஆக்கினால் என்ன ஆகும்? விலை குறைந்தது வெறும் 12 விழுக்காடு. ஆனால், மிச்சம் 6 சென்ட்டிலிருந்து 3 சென்ட்டாகிப் பாதியாகிறது. பணம் திரும்ப 5,000 போதாது, 10,000 வேண்டும்.

நெருங்கிய இரண்டு எண்களைக் கழித்துக் கிடைக்கும் விடை எப்போதும் இப்படித்தான். ஒன்று சற்று அசைந்தாலும் விடை பெரிதாக ஆடும். எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் தோட்டாக்களுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறியது. முன்பே மருந்தும் பிரைமரும் வாங்கி வைத்திருந்தவர்களுக்கு மறுநிரப்பல் திடீரென லாபமானது. வாங்கி வைக்காதவர்களுக்குப் பிரைமரே கிடைக்கவில்லை; கருவி மேசையில் சும்மா கிடந்தது.

உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை என்ன?

இதுவரை ஒரு செலவை நாம் எழுதவே இல்லை. அது நேரம்.

எளிய கருவியில் முதலாமவர் மணிக்கு 50 தோட்டா நிரப்புகிறார் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அவர் மிச்சப்படுத்துவது 50 × 6 சென்ட் = 3 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர். அதில் பாதிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அதுவும் 100 மணி நேரம் உழைத்து, கருவியின் விலையை மீட்ட பிறகுதான் அந்த 3 டாலரும் அவர் கைக்கு வரும்.

இரண்டாமவர் ஒவ்வொன்றையும் நிறுத்து அளந்து, மணிக்கு 25தான் செய்கிறார். ஆனால், மணிக்கு 15 டாலர் மிச்சம். முதலாமவர் 1,200 டாலருக்கு வேகமான கருவி வாங்கி மணிக்கு 400 செய்தால் அவருக்கும் மணிக்கு 24 டாலர் கிடைக்கும். ஆனால், பணம் திரும்ப 20,000 தோட்டாக்கள் வேண்டும். மாதம் 200 என்ற கணக்கில் அது எட்டு ஆண்டுகளுக்குமேல். வேகத்தை விலைக்கு வாங்கலாம். அந்த வேகத்துக்குத் தேவை இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

சிலர் இந்த நேரத்தைச் செலவாகவே எண்ணுவதில்லை. மீன்பிடிக்கப் போகிறவர் சந்தை மீனின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை அல்லவா? வேலையே மகிழ்ச்சி என்றால் நேரம் செலவுப் பட்டியலில் வராது. ஆனால், அதை நேர்மையாக ஒப்புக்கொள்ளவேண்டும். “பணம் மிச்சப்படுத்துகிறேன்” என்பதும் “எனக்குப் பிடித்திருக்கிறது” என்பதும் வேறு வேறு காரணங்கள்.

மிச்சம் ஏன் கையில் நிற்பதில்லை?

மறுநிரப்புபவர்களிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு: பணம் மிச்சமாகாது, அதே பணத்துக்கு அதிகமாகச் சுடலாம், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு மாதம் 200 தோட்டா, 25 சென்ட் வீதம் 50 டாலர். இப்போது ஒன்று 19 சென்ட்தானே என்று 300 சுட்டால் 57 டாலர். ஒன்றின் விலை குறைந்தது; மாதச் செலவு கூடியது.

1865இல் பிரிட்டிஷ் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியில் இதையே கவனித்தார். நீராவி இயந்திரங்கள் சிக்கனமாக ஆனபோது நாட்டின் நிலக்கரிப் பயன்பாடு குறையவில்லை, ஏறியது. மலிவானதை மனிதர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். தள்ளுபடி விற்பனையில் “மிச்சம்” பிடித்துவிட்டு வெறும் பணப்பையோடு வீடு திரும்பும் நமக்கும் இது தெரிந்த கதைதான்.

கணக்கில் எழுத முடியாத செலவு

9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் இருப்பது சுமார் 32 பவுண்டு. அதாவது, டயரைப்போல ஆயிரம் மடங்குக்குமேல், கைக்குள் அடங்கும் இரும்புக்குள், முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில்.

பல கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் மருந்து உறையின் பாதிகூட நிரம்பாது. கவனம் சிதறி ஒரே உறையில் இருமுறை மருந்து கொட்டினாலும் அது வழியாமல் உள்ளே அடங்கிவிடலாம். மேலே குண்டை வைத்துவிட்டால் வெளியே தெரியாது. அந்த ஒரு தோட்டா துப்பாக்கியையே வெடிக்கச் செய்யலாம். கையும் கண்ணும் போகலாம். அதனால்தான் மறுநிரப்பிய தோட்டாவைப் பயன்படுத்தவேண்டாம் என்று பல துப்பாக்கித் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். பிரைமர் எச்சத்திலிருந்து வரும் ஈயத் தூசு இன்னொரு தீங்கு. உறையைச் சுத்தம் செய்யும்போது மூச்சோடு உள்ளே போகும்.

நிகழ்தகவுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்: வாய்ப்பு சிறியது என்றாலும் இழப்பு மிகப் பெரியது என்றால், இரண்டையும் பெருக்கிப் பார்க்கவேண்டும். ஆறு சென்ட் மிச்சத்துக்கு முன்னால் ஒரு கண்ணின் விலையை எந்த எண்ணால் எழுதுவது?

அப்படியானால் பதில்?

நிறையத் தயாராகும் மலிவான தோட்டாவைக் கொஞ்சமாகச் சுடுபவருக்கு மறுநிரப்பல் பெரும்பாலும் நட்டம். நிறையச் சுடுபவருக்கு, விலை உயர்ந்த துல்லியத் தோட்டா வேண்டியவருக்கு, ஆலைகள் இப்போது செய்யாத பழைய அளவுத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது பயன்தரும். இரண்டாமவரைப் போன்ற போட்டியாளர்களோ பணத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே வேகத்தில் பறந்தால்தான் தொலைவிலுள்ள இலக்கில் குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறாது. தம் ஒரு துப்பாக்கிக்கு மட்டும் பொருந்துமாறு அளந்து செய்யும் அந்த ஒழுங்கை அவர்களுக்குக் கடையில் வாங்குவது அரிது.

“ஒன்றுக்கு எவ்வளவு மிச்சம்?” என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் விடை தவறிவிடும். எத்தனை செய்வேன், எத்தனை மணி நேரம் ஆகும், தவறினால் என்ன போகும் என்று மேலும் மூன்று கேட்கவேண்டும். வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் வாங்கலாமா என்று அம்மா கேட்டாலும் இதே கேள்விகள்தான்.

நீங்களே கணக்கிடுங்கள்

முடிதிருத்தும் கடையில் ஒரு முறைக்கு 12 வெள்ளி. வீட்டிலேயே வெட்டிக்கொள்ளும் மின்கருவி 60 வெள்ளி.

1. எத்தனை முறை வெட்டினால் கருவியின் விலை திரும்பும்?
2. கடை விலை 10 வெள்ளியாகக் குறைந்தால் விடை எப்படி மாறும்?
3. கடைக்குப் போய்வர 40 நிமிடமும், வீட்டில் வெட்ட அண்ணனுக்கு 60 நிமிடமும் ஆனால், யாருடைய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பீர்கள்?
4. அண்ணன் முதல்முறை வெட்டும் தலை உங்களுடையது. மறுநாள் பள்ளியில் படம் எடுக்கிறார்கள். இந்தச் செலவை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?